சொல்லாமல் அனுப்பியவரே முதல் குற்றவாளி

நெகிரி செம்பிலானின் சிலியாவ், ரந்தாவ், லாபு, பஹாவ், ஜெராம் பாடாங் என்று சொன்னால் நம் வாசகர்களில் மூத்தவர்களுக்குப் பால்மரமும் செம்பனையும் நினைவுக்கு வரும். அந்தத் தோட்டங்களின் பிள்ளைகளில் பலர் இன்று ஸ்டேரிங் பிடிக்கிறார்கள். தோட்டங்கள் கைமாறின, துண்டாடப்பட்டன, வீடமைப்புத் திட்டங்களாகவும் தொழிற்பேட்டைகளாகவும் ஆயின. லயத்து வீட்டைக் காலி செய்து வெளியேறிய இளைஞனிடம் நிலம் கிடையாது, முதல் கிடையாது, பெரிய படிப்பும் கிடையாது. ஒரு லைசன்ஸ் எடுக்க முடிந்தது. அதை வைத்துக்கொண்டு பள்ளிப் பஸ், ஃபேக்டரி பஸ், சிரம்பான் நகரப் பஸ், நெடுந்தூர எக்ஸ்பிரஸ் என்று ஏறினான். அவனுடைய அண்ணனோ மாமாவோ ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்பில் இருந்திருப்பார். இந்தத் தலையங்கம் அவர்களைப் பற்றியது. அவர்களை வேலைக்கு வைத்திருப்பவர்களுக்கு எழுதப்படுவது.

நம் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பொதுமக்களை ஏற்றிச் செல்லும் ஒரு நிறுவனம், இன்றைய வேலைக்கு வேண்டிய தகவலை இன்றைய வேலை தொடங்கும் முன் தன் ஊழியரிடம் சேர்க்கவில்லை என்றால், பிறகு நடக்கும் விபத்தில் முதல் குற்றவாளி அந்த நிறுவனம். ஓட்டுநரின் பிழை அதற்குப் பிறகு விசாரிக்கப்பட வேண்டியது. நம் நாட்டில் இந்த வரிசை தலைகீழாக இருக்கிறது. அது அநீதி. தெரிந்தே செய்யப்படும் அநீதி.

எந்தத் தகவலைச் சொல்கிறோம் என்பதில் குழப்பம் வேண்டாம். பத்து ஆண்டுகளுக்கு முன் லைசன்ஸ் எடுக்கும்போது படித்த பாடம் எல்லாருக்கும் இருக்கிறது. நாம் கேட்பது, இந்தப் பஸ்ஸின் பிரேக்கைப் பற்றி நேற்று இரவு இதை ஓட்டியவர் என்ன எழுதிக் கொடுத்தார் என்பது. அந்தப் புகாரை யாராவது பார்த்தார்களா என்பது. ஜெலுபு சாலையில் நேற்றைய மழைக்கு மண் சரிந்திருக்கிறதா என்பது. புதிதாக வந்திருக்கும் வண்டியின் ரிட்டார்டர் என்ற துணைப் பிரேக் பழைய வண்டியினுடையதைப் போலத்தான் இயங்குமா என்பது. சக்கர நாற்காலிக்கான சாய்தளம் மக்கர் செய்தால் என்ன செய்ய வேண்டும் என்பது. சிக்னல் பழுதான பாதையில் எந்த வேகத்தில் போக வேண்டும் என்பது. இவை நாளுக்கு நாள் மாறும். மாறிய அன்றே சொல்லப்படாவிட்டால் எந்தப் பயனும் இல்லை.

கடைசியாகக் குறிப்பிட்ட சிக்னல் செய்தி கற்பனை இல்லை. 2024 ஜூன் 17 காலை, மேற்கு வங்கத்தில் ரங்கபாணி நிலையத்துக்கு அருகே, அகர்தலாவிலிருந்து சியால்டா நோக்கிச் சென்ற காஞ்சன்ஜங்கா எக்ஸ்பிரஸின் பின்புறத்தில் ஒரு சரக்கு ரயில் மோதியது. பத்துப் பேர் இறந்தார்கள். சரக்கு ரயிலின் ஓட்டுநரும் அவர்களில் ஒருவர். உடல்களை மீட்டு முடிக்கும் முன்பே, சரக்கு ரயில் ஓட்டுநர் சிக்னலை மதிக்கவில்லை என்று ரயில்வே உயர்மட்டம் ஊடகங்களிடம் சொல்லிவிட்டது. இறந்தவர் எழுந்து வந்து மறுக்கப் போவதில்லை.

பிறகு ரயில்வே பாதுகாப்பு ஆணையர் விசாரித்தார். அன்று அதிகாலை 5.50 மணி முதலே அந்தப் பகுதியின் தானியங்கி சிக்னல்கள் பழுதாகியிருந்தன. சிவப்பு விளக்குகளைத் தாண்டிச் செல்ல ஓட்டுநர்களுக்கு நிலையத்திலிருந்து எழுத்து மூலம் அனுமதி கொடுக்கப்பட்டது. கொடுக்கப்பட்ட படிவம் அந்தச் சூழ்நிலைக்கு உரியதன்று. எந்த வேகத்தில் கடக்க வேண்டும் என்பது அதில் இல்லை. விதிப்படி பழுதான ஒவ்வொரு சிக்னலிலும் பகலில் ஒரு நிமிடம் நின்று, பிறகு மணிக்குப் பத்து கிலோமீட்டர் வேகத்தில் ஊர வேண்டும். அன்று காலை அதே காகிதத்தோடு அந்தப் பாதையில் நுழைந்த ரயில்களில் காஞ்சன்ஜங்கா ஒன்றே அப்படி நின்று நின்று போனது. மற்ற ஓட்டுநர்கள் தங்களுக்குப் புரிந்த வேகத்தில் போனார்கள். அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. சரக்கு ரயில் ஓட்டுநருக்கு முன்னால் ஒரு ரயில் நின்றுகொண்டிருந்தது. அவருக்கும் மற்றவர்களுக்கும் இருந்த வேறுபாடு அவ்வளவுதான்.

தானியங்கி சிக்னல் பகுதியில் எப்படி இயங்க வேண்டும் என்று ஓட்டுநர்களுக்கும் நிலைய அதிகாரிகளுக்கும் போதிய அறிவுறுத்தல் தரப்படவில்லை, அதனால் விதிகளை ஆளுக்கொரு விதமாகப் புரிந்துகொண்டார்கள், இது நடக்கக் காத்திருந்த விபத்து என்று ஆணையரின் அறிக்கை சொன்னது. முதல் நாள் ஊடகங்களில் உரக்கச் சொல்லப்பட்ட பழி அத்தனை பேர் காதிலும் விழுந்தது. வாரங்கள் கழித்து வந்த அறிக்கையை எத்தனை பேர் படித்திருப்பார்கள்? அந்த ஓட்டுநரின் வீட்டாரிடம் யாராவது போய் அதைப் படித்துக் காட்டியிருப்பார்களா? மனிதர்கள் என்று சொல்லிக்கொள்ளும் எவரும் முதலில் செய்திருக்க வேண்டிய வேலை அதுவே.

நம் நாட்டுக்கு வருவோம். 2021 மே 24 இரவு, கேஎல்சிசிக்கும் கம்போங் பாருவுக்கும் இடையே சுரங்கப்பாதையில் இரண்டு எல்ஆர்டி ரயில்கள் நேருக்கு நேர் மோதின. ஒன்றில் 213 பயணிகள் இருந்தார்கள். நாற்பதுக்கும் மேற்பட்டோர் படுகாயம் அடைந்தார்கள். மற்ற ரயில் காலியானது. பழுதாகி, ஓர் ஊழியரின் கையால் இயக்கப்பட்டு, எதிர்த்திசையில் வந்தது. விபத்து நடந்த கிளானா ஜெயா தடத்தில் ரயில்கள் ஓட்டுநர் இல்லாமல் தானாக ஓடுபவை. அங்கே மனிதக் கையால் ரயிலை நகர்த்துவது எப்போதாவது வரும் வேலை. எப்போதாவது செய்யும் வேலையில்தான் மனிதர் தடுமாறுவார். தினமும் செய்யும் வேலையைக் கை தானாகச் செய்துவிடும். ஆகவே அந்த அரிய வேலை வரும் தருணத்தில் கட்டுப்பாட்டு அறையிலிருந்து வரும் சொல்லே ஊழியரின் கண். எந்தத் திசை, எந்தத் தண்டவாளம், எதிரே யார் என்பதைச் சொல்ல வேண்டும். சொன்னதை அவர் திருப்பிச் சொல்லக் கேட்க வேண்டும். கேட்ட பிறகே நகர விட வேண்டும். அந்த விபத்துக்குப் பிறகு, எல்ஆர்டியை நடத்தும் பிரசாரானாவின் தலைவர் பதவி நீக்கப்பட்டார். செய்தியாளர் கூட்டத்தில் அவர் நடந்துகொண்ட விதத்தால் மக்களிடம் எழுந்த கோபம் நாடறிந்தது. அந்தக் கோபத்தில் பாதியாவது கையால் இயக்கும் பயிற்சி எத்தனை மாதத்துக்கு ஒருமுறை தரப்படுகிறது என்ற கேள்வியாக மாறியிருக்க வேண்டும். மாறவில்லை.

பக்கத்தில் சிங்கப்பூர் ஒழுங்குக்குப் பெயர்போன ஊர். அங்கேயும் 2016 மார்ச் 22 அன்று பாசிர் ரிஸ் நிலையத்துக்கு அருகே ரயில் நிறுவனமான எஸ்எம்ஆர்டியின் இளம் ஊழியர்கள் இருவர் ரயில் மோதி இறந்தார்கள். வேலையைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வந்த பயிற்சி ஊழியர்கள். தண்டவாளத்தில் ஆள் இறங்கும் முன் அந்தப் பகுதிக்கு ரயில் தானாக வராதபடி வேகத்தைப் பூஜ்யமாக்க வேண்டும், ரயில் வருவதைப் பார்த்துச் சொல்லக் காவல் ஆள் நிறுத்த வேண்டும் என்று விதி இருந்தது. இரண்டும் நடக்கவில்லை. அந்த ஒருநாள் கவனக்குறைவோடு அது முடியவில்லை. எழுதப்பட்ட விதி ஒரு பக்கமும் அன்றாட வழக்கம் வேறொரு பக்கமுமாக நெடுநாள் ஓடியிருந்தன. 2017-இல் நீதிமன்றம் நிறுவனத்துக்கு 400,000 சிங்கப்பூர் வெள்ளி அபராதம் விதித்தது. பொறுப்பில் இருந்த உயர் அதிகாரியும் தனியாகத் தண்டிக்கப்பட்டார். அபராதம் அந்தப் பெற்றோருக்கு எதையும் திருப்பித் தராது. ஆனாலும் குற்றத்தை உரிய இடத்தில், மேலே, வைத்த தீர்ப்பு அது. அதை நாம் மதிக்கிறோம்.

தகவலை உரிய நேரத்தில் சேர்ப்பது நம் மண்ணுக்குப் புதிய கலையா? கிம்மாஸ் சந்திப்பில் வேலை பார்த்த பழைய ரயில்வேக்காரர்களைக் கேட்டால் தெரியும். கிழக்குக் கரைப் பாதை அங்கே பிரிகிறது. ஒற்றைத் தண்டவாளம். ஒரே தடத்தில் எதிரெதிரே வண்டிகள் வந்தால் முடிந்தது கதை. அதற்கு அந்தக் காலத்து ரயில்வே கண்டுபிடித்த வழி டோக்கன். இரண்டு நிலையங்களில் இருக்கும் கருவிகளும் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டிருக்கும். ஒரு டோக்கன் வெளியே எடுக்கப்பட்டால், அது திரும்ப உள்ளே போகும்வரை இன்னொன்று வெளியே வராது. நிலைய அதிகாரி அதைக் கையில் கொடுத்தால்தான் ஓட்டுநர் வண்டியை எடுப்பார். டோக்கன் கைக்கு வராவிட்டால் பிரதமர் வண்டியில் இருந்தாலும் நகராது. முன்னால் தடம் காலியாக இருக்கிறது என்ற செய்தி, தேவைப்படும் அந்த நிமிடத்தில், தேவைப்படும் அந்த மனிதரின் உள்ளங்கையில், தொட்டுப் பார்க்கும் பொருளாக வந்து சேர்ந்தது. அதைக் கொடுத்தவர்களிலும் வாங்கியவர்களிலும் யாழ்ப்பாணத் தமிழர்களும் தமிழ்நாட்டுத் தமிழர்களும் ஏராளம். மலாயா ரயில்வேயின் நிலையங்களையும் தண்டவாளங்களையும் அவர்கள்தான் தாங்கினார்கள். இன்று சிரம்பானிலிருந்து கிம்மாஸ்வரை மின்மயமான இரட்டைத் தடம் இருக்கிறது. இந்தியாவின் இர்கான் நிறுவனம் கட்டியது. 2013 முதல் பயன்பாட்டில் இருக்கிறது. கருவிகள் மாறின. சொல்லாமல் அனுப்பக்கூடாது என்ற கொள்கை மாற ஒரு நியாயமும் இல்லை.

தோட்டத்துக்கும் ஒரு முறை இருந்தது. விடியும் முன் பிரட்டு. இருட்டில் எல்லாரும் வரிசையில் நிற்க, மண்டோர் பெயர் கூப்பிடுவார். இன்றைக்கு எந்தத் தீம்பார், யார் யாருக்கு எந்த வரிசை மரம், எங்கே மருந்து அடித்திருக்கிறது, எந்தப் பாலத்தில் தண்ணீர் ஏறியிருக்கிறது என்பது அங்கே சொல்லப்படும். பிரட்டைப் புனிதமாக்க நமக்கு விருப்பமில்லை. அது ஆட்களை எண்ணிக் கட்டுப்படுத்திய இடம். தாமதமாக வந்தவர் அன்றைய கூலியை இழந்த இடம். வசைகள் விழுந்த இடம். இருந்தும், வேலைக்குப் போகும் ஒவ்வொருவரும் அன்றைய வேலை என்ன என்று நேரில், தன் மொழியில், ஒரு மனிதர் வாயிலிருந்து கேட்டுவிட்டுத்தான் போனார். இன்று அதிகாலை நான்கரை மணிக்கு டிப்போவுக்கு வரும் பஸ் ஓட்டுநருக்கு அதுகூடக் கிடைப்பதில்லை. சாவி ஆணியில் தொங்கும். எடுத்துக்கொண்டு போக வேண்டியதுதான்.

பிரட்டில் சொல்லப்படாதவையும் இருந்தன. அதற்கு நம் பெண்கள் கொடுத்த விலையை மறந்துவிட்டு இந்த விவகாரத்தைப் பேச முடியாது. முதுகில் பம்பைச் சுமந்து களைக்கொல்லி அடித்தவர்களில் பெரும்பகுதி நம் அம்மாக்களும் அக்காக்களும். டப்பாவில் இருப்பது என்ன, அது தோலில் பட்டால் என்ன ஆகும், மூக்கில் இரத்தம் வந்தால் அது சூடா நஞ்சா என்று அவர்களுக்குச் சொல்ல வேண்டியவர்கள் சொல்லவில்லை. தெனாகானித்தா அமைப்பு 2002-இல் தோட்டங்களில் பூச்சிமருந்து நஞ்சேறுதலைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டது. ஐரின் பெர்னாண்டஸ் தலைமையில் அவர்கள் ஊர் ஊராகப் போய்க் கேட்டது அந்தப் பெண்களின் வாய்மொழி. அதே ஆண்டு அரசு பாராகுவாட் என்ற களைக்கொல்லியைத் தடை செய்வதாக அறிவித்தது. 2006-இல் அந்தத் தடையைத் தளர்த்தியது. 2020 ஜனவரி 1 முதல்தான் முழுத் தடை வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் அதைக் கையில் தொட்டவர்களுக்கு அது என்னவென்று யார் சொன்னார்கள்? அன்று மருந்து அடித்த தாயிடம் தகவலை மறைத்த அதே மனம், இன்று அவள் மகனிடம் பிரேக் புகாரை மறைக்கிறது. உழைப்பாளிக்குத் தெரிய வேண்டியதில்லை, செய்தால் போதும் என்று நினைக்கும் மனம் அது. தோட்டம் போய்விட்டது. அந்த மனம் போகவில்லை.

பிரேக் என்று சொன்னோம். சிரம்பானிலிருந்து கோலக்கிளாவாங் போகும் புக்கிட் தங்கா சாலையையும் கோலப்பிலா போகும் பழைய புக்கிட் புத்துஸ் சாலையையும் அறிந்தவர்களுக்கு நீண்ட இறக்கத்தில் கனவண்டியைக் கொண்டு வருவது என்றால் என்ன என்று தெரியும். காலை பிரேக்கிலேயே வைத்துக்கொண்டு இறங்கினால் டிரம் சூடேறும், பிடிமானம் குறையும். கடைசி வளைவில் மிதித்தால் ஒன்றும் இருக்காது. குறைந்த கியரில் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும்படி, இறக்கம் தொடங்கும் முன்பே மாற்றிவிட வேண்டும். இறக்கத்தின் நடுவில் நினைவு வந்தால் காலம் கடந்துவிட்டது. இது எல்லா ஓட்டுநருக்கும் தெரிந்ததுதானே என்பார்கள். வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் மட்டும் ஓட்டிப் பழகியவரைத் திடீரென்று, ஆள் குறைந்துவிட்டது என்று சொல்லி, பழக்கமில்லாத வண்டியோடு மலைப் பாதைக்கு அனுப்பும்போது அதை நினைவூட்ட ஒருவர் வேண்டும். 2013 ஆகஸ்ட் 21 அன்று கெந்திங் மலையிலிருந்து இறங்கிய பஸ் பள்ளத்தில் விழுந்து 37 பேர் இறந்தார்கள். நாட்டின் மிகக் கொடிய சாலை விபத்துகளில் ஒன்று. அதற்குப் பிறகு எத்தனை கூட்டங்கள், எத்தனை அறிக்கைகள்.

2025 ஜூன் 9 அன்று கிரிக் அருகே கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையில் நடந்த பஸ் விபத்தில் உப்சி பல்கலைக்கழக மாணவர்கள் 15 பேர் இறந்தார்கள். ஆசிரியர் ஆகப் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள். ஓட்டுநர் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார். அது சட்டத்தின் வழி, நடக்கட்டும். ஆனால் பர்மிட் ஒருவர் பெயரிலும் பஸ் வேறொருவர் கையிலும் இருக்கும் வாடகை முறை அந்த விபத்தில் வெளிச்சத்துக்கு வந்தது. பர்மிட் நிறுவனத்தின் உரிமம் ரத்தாயிற்று. நம் விவாதத்துக்கு மிக முக்கியமான இடம் இது. பர்மிட்டை வாடகைக்கு விடும் முதலாளிக்கு ஓட்டுநரின் முகம் தெரியாது. வாடகைக்கு எடுத்தவரிடம் பயிற்சியாளரும் இல்லை, பாதுகாப்பு அதிகாரியும் இல்லை, நேற்றைய புகாரைப் பதிவு செய்யும் புத்தகமும் இல்லை. அறிவுறுத்த வேண்டிய கடமை இருவருக்கும் நடுவில் கைவிடப்பட்டுவிடுகிறது. ஆகவே பர்மிட்டை வாடகைக்கு விடுவதை ஒழுக்கக்கேடு என்றே நாம் சொல்கிறோம். வணிக ஏற்பாடு என்ற சொல்லில் அதை மறைக்க விடமாட்டோம்.

கனரக வண்டிகளுக்கு வேகக் கட்டுப்பாட்டுக் கருவியை 2025 அக்டோபர் முதல் கட்டம் கட்டமாகக் கட்டாயமாக்கியிருக்கிறது போக்குவரத்து அமைச்சு. வரவேற்கிறோம். கருவி வேகத்தைக் கட்டும். முன்னால் மண் சரிந்திருக்கிறது என்று அது சொல்லாது.

இப்போதெல்லாம் நிறுவனங்கள் ஒரு பதில் வைத்திருக்கின்றன: வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டோம். இந்தப் பதிலை நாம் ஏற்கவில்லை. ஒரு குழுவில் காலை வணக்கப் படங்களுக்கும் விடுப்பு விண்ணப்பங்களுக்கும் நடுவில் ஒரு பாதை மாற்ற அறிவிப்பைப் போடுவது, ஓட்டுநர் அதை எப்போது படிப்பார் என்று எண்ணிப் போடுவதா? ஓட்டிக்கொண்டிருக்கும்போது படித்தால் குற்றம். படிக்காமல் போனாலும் குற்றம். இரண்டு வழியிலும் அவரே மாட்டுகிறார், அனுப்பியவர் தப்பிக்கிறார். டிப்போ சுவரில் ஒட்டிய சுற்றறிக்கையின் கதையும் இதுவே. ஒட்டிய தேதி பதிவேட்டில் இருக்கும். யாருக்கு விளங்கியது என்பது எங்கேயும் இருக்காது. கையெழுத்து வாங்கிவிட்டோம் என்பார்கள். தோட்டத்துக் கிராணி நீட்டிய தாளில் கைநாட்டு வைத்த தலைமுறையின் பேரப்பிள்ளைகளுக்கு, கையெழுத்துக்கும் ஒப்புதலுக்கும் உள்ள தூரம் நன்றாகவே தெரியும்.

மொழியைப் பற்றியும் பேச வேண்டும். தேசிய மொழி நம் எல்லாருக்கும் உரியது. ஓட்டுநர்கள் அதைத் தினமும் பேசுகிறார்கள். இருந்தும் அலுவலக மலாயில் எழுதப்பட்ட, வாக்கியத்துக்கு ஐந்து சுருக்கச் சொற்கள் கொண்ட ஓர் இயந்திரக் குறிப்பு, தோட்டப் பள்ளியோடு படிப்பை முடித்த ஐம்பத்தைந்து வயதுக்காரர் ஒருவருக்கு விளங்கும் என்று எதிர்பார்ப்பது நேர்மையாகுமா? வங்காளதேச, நேபாளத் தொழிலாளர்கள் பராமரிப்புப் பணிகளில் இருக்கிறார்கள். அவர்களுக்கு? தகவல் பெறுபவரின் மொழிக்குத் தகவல் இறங்கி வர வேண்டும். உயிரோடு விளையாடும் வேலையில் இதை ஒரு சலுகையாக யாரும் கருத வேண்டாம்.

முதலாளிகள் தரப்பில் சொல்லப்படும் சிரமங்களை நாம் அறியாமல் இல்லை. ஆள் பற்றாக்குறை உண்டு. டீசல், டோல், கடன் தவணை எல்லாம் ஏறுகின்றன. அட்டவணை இறுக்கமாக இருக்கிறது. பத்து நிமிடம் நிறுத்திப் பேசினால் முதல் டிரிப் தாமதமாகும், தாமதத்துக்கு அபராதம் உண்டு. இதில் உண்மை இருக்கிறது. அப்படியானால் அந்தப் பத்து நிமிடத்தை அட்டவணையிலேயே சேர்க்கும்படி அரசிடம் கேளுங்கள், நாமும் உங்களோடு சேர்ந்து கேட்கிறோம். 2015-இல் சிரம்பான் முதலிய நகரங்களில் தொடங்கிய நகரப் பஸ் சீர்திருத்தத் திட்டத்தில் அரசே கிலோமீட்டர் கணக்கில் பணம் கொடுத்து பஸ் ஓட்ட வைத்தது. சக்கரம் சுழன்றால் காசு என்ற கணக்கு அது. சக்கரம் நின்று ஓட்டுநரும் மேற்பார்வையாளரும் பேசும் நேரத்துக்கும் ஒரு மதிப்பு வைக்க ஒப்பந்தம் எழுதுபவர்களால் முடியும். எக்ஸ்பிரஸ் பஸ்களிலோ அடிப்படைச் சம்பளம் குறைவு, டிரிப் காசுதான் வீட்டை நடத்துகிறது. டிரிப் காசில் வாழ்பவர் விளக்கக் கூட்டத்துக்கு உட்கார மாட்டார். உட்கார்ந்தால் அவர் பிள்ளையின் பள்ளிக் கட்டணம் குறையும். அவரைப் பொறுப்பில்லாதவர் என்று ஏசுவதற்கு முன் அந்தச் சம்பள முறையை யார் வகுத்தார்கள் என்று பார்க்க வேண்டும்.

சொல்லியும் கேட்காத ஓட்டுநர்கள் இல்லையா? இருக்கிறார்கள். கைத்தொலைபேசியில் படம் பார்த்துக்கொண்டு ஓட்டுபவர்களையும் போதையில் ஏறுபவர்களையும் நாம் ஒருநாளும் தாங்கிப் பேச மாட்டோம். அவர்கள் தண்டிக்கப்பட வேண்டும், கடுமையாகவே. ஆனால் ஒருவர் சொல்லியும் கேட்கவில்லை என்று நிரூபிக்க, முதலில் சொன்னோம் என்று நிரூபிக்க வேண்டுமே. அந்த முதல் பாதி இல்லாமலேயே நம் விசாரணைகள் முடிவுக்கு வந்துவிடுகின்றன.

சட்டம் இதை எப்போதோ சொல்லிவிட்டது. 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு, தொழிலாளிக்கு வேண்டிய தகவல், அறிவுறுத்தல், பயிற்சி, மேற்பார்வை ஆகிய நான்கையும் முதலாளியின் கடமையாக வைக்கிறது. 2024 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்த திருத்தத்தில் அதிகபட்ச அபராதம் 50,000 ரிங்கிட்டிலிருந்து 500,000 ரிங்கிட்டாக உயர்ந்தது. உடனடி ஆபத்து இருப்பதாக நியாயமாக நம்பினால், அதை நீக்க முதலாளி எதுவும் செய்யாதபோது அந்த வேலையிலிருந்து விலகிக்கொள்ளும் உரிமையும் தொழிலாளிக்குத் தரப்பட்டிருக்கிறது. பிரேக் சரியில்லாத பஸ்ஸை எடுக்க மாட்டேன் என்று சொல்ல ஓட்டுநருக்கு இன்று சட்டத்தின் துணை உண்டு. இந்த உரிமையைப் பற்றி எத்தனை டிப்போக்களில் சொல்லப்பட்டிருக்கிறது? தகவல் பெறும் உரிமை உனக்கு உண்டு என்ற தகவலே மறைக்கப்படுவதைவிடப் பெரிய கொடுமை வேறென்ன.

தொழிற்சங்கங்களையும் விட்டுவைக்க முடியாது. பி.பி. நாராயணன் தொழிற்சங்கப் பணியில் கால் வைத்தது இந்த நெகிரி செம்பிலான் தோட்டங்களில்தான்; பிறகு 1954-இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானது. போக்குவரத்துத் தொழிலாளர்களுக்கு டாக்டர் வி. டேவிட் குரல் கொடுத்தார். அவர்கள் கூலிக்காகவும் வேலை நேரத்துக்காகவும் போராடினார்கள், வென்றவையும் உண்டு. இன்றைய கூட்டு ஒப்பந்தங்களில் சீருடைப் படிக்கு ஒரு விதி இருக்கிறது. வேலை தொடங்கும் முன் சம்பளத்துடன் கூடிய விளக்க நேரத்துக்கும் ஒரு விதி இருக்க வேண்டும். அதைக் கேட்காத சங்கம் தன் உறுப்பினரை விபத்துக்குப் பிறகு காப்பாற்ற வழக்கறிஞர் தேடும் நிலைக்குத்தான் வந்து நிற்கும்.

நம் சமூகத்துக்கும் ஒரு சொல். விபத்துச் செய்தி வந்ததும் ஓட்டுநரின் பெயரைத் தேடி, அவர் எந்த இனம் என்று பார்த்து, பழைய சம்மன்களைப் பகிர்ந்து, வீட்டுப் படத்தைப் போடும் பழக்கம் நம்மிடமும் இருக்கிறது. அந்த வீட்டிலும் ஒரு தாய் இருக்கிறாள். விசாரணை முடியும்வரை வாயைக் கட்டுவது நம்மால் முடியாத காரியமா? ரங்கபாணியில் இறந்த ஓட்டுநருக்கு நேர்ந்தது நாளை பஹாவிலோ ரந்தாவிலோ உள்ள ஒரு வீட்டுக்கு நேரலாம்.

போக்குவரத்து அமைச்சர் அந்தோணி லோக் சிரம்பான் நாடாளுமன்ற உறுப்பினர். இந்தச் சாலைகளும் இந்த டிப்போக்களும் அவருக்கு வரைபடத்தில் பார்த்துத் தெரிய வேண்டியவை அல்ல. அவரிடம் நாம் கேட்பது இரண்டு. பொதுப் போக்குவரத்து விபத்தை விசாரிக்கும் எந்தக் குழுவும், ஓட்டுநரின் வேகத்தையும் இரத்தத்தையும் சோதிக்கும் அதே நாளில், அன்று அவருக்கு வேலைக்கு முன் என்ன சொல்லப்பட்டது, யார் சொன்னார், எந்த மொழியில், அவர் அதைத் திருப்பிச் சொன்னாரா, அந்த வண்டியின் கடைசிப் புகாரை அவருக்குக் காட்டினார்களா என்பதைப் பதிவு செய்ய வேண்டும். பதில் இல்லாத இடத்தில் நிறுவனத்தின் மேலாளர் பெயர் முதலில் எழுதப்பட வேண்டும். இரண்டாவது, ஒவ்வொரு டிப்போவிலும் வண்டி கிளம்பும் முன் ஓட்டுநரும் பொறுப்பாளரும் நேரில் பேசும் பத்து நிமிடத்தை வேலை நேரமாக அறிவித்து, அதற்குச் சம்பளம் கொடுத்ததற்கான கணக்கைக் காட்டும் நிறுவனத்துக்கு மட்டுமே பர்மிட்டைப் புதுப்பிக்க வேண்டும்.